அங்காடியை இழந்தோம், அருந்தமிழையும் இழப்பதோ?

மொழி ஏட்டில் வாழ்கின்றது என்பர் சிலர். அவைக்களத்தில் வாழ்கின்றது என்பர் சிலர். ஆட்சிமன்றத்தில் வாழ்கின்றது என்பர் வேறு சிலர். ஏட்டில் மொழி அணிபெறும். அவையில் பெருமை பெறும். ஆட்சிமன்றத்தில் வலிமை பெறும். ஆயின், அது மூச்சுவிடுவது இம் மூன்றிடத்தும் அன்று. "கத்தரிக்காய் என்ன விலை?" என ஒருத்தி வினவுவதும், "முற்றல் இல்லை, பிஞ்சாய்ப் பார்த்துப் பொறுக்கிக்கொள் அம்மா" என மற்றொருத்தி விடையிறுப்பதும் எங்கு நிகழ்கின்றனவோ, அங்குதான் மொழி மூச்சுவிடுகின்றது. அவ்விடத்திற்கு அங்காடி என்று பெயர்.

மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழன் கொண்டதும் தமிழில், கொடுத்ததும் தமிழில். வடமொழி கோவிலுக்குள் ஏறியது. தெலுங்கும் மராட்டியும் அரண்மனையில் அமர்ந்தன. ஆங்கிலம் அலுவலகத்தையும் வழக்குமன்றத்தையும் வளைத்துக் கொண்டது. அத்தனை படையெடுப்பின் போதும் கீரைக்காரியின் கூடைக்குள் மட்டும் எந்த அயன்மொழியாலும் நுழைய இயலவில்லை. புலவன் காக்கத் தவறிய சொற்களையும் அவள் காத்தாள். அவள் அமர்ந்த தெருமுனை தமிழுக்கு ஒரு கோட்டையாக இருந்தது.

அக் கோட்டையின் கதவு தி.பி. 2051ஆம் ஆண்டில், அஃதாவது 2020இல், சாத்தப்பெற்றது. சாத்தியது நோய். இன்றும் அதைத் திறவாமல் வைத்திருப்பவர் நாம். எனவே, இக் கட்டுரை நோயைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது.

அடைத்தது நோய், திறவாதவர் யார்?

'கொரோனா' எனப்பெறும் மகுடைப் பெருந்தொற்று பரவத் தொடங்கிய போது, 2020 மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் மாலை முதல் தமிழ்நாட்டில் தடையாணை நடப்புக்கு வந்தது. அன்றிரவே இந்தியா முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பெற்றது. ஏப்பிரல் 26 முதல் நான்கு நாள்களுக்குச் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் கடைகளும் திறவா என்ற செய்தி கேட்டு, 25ஆம் நாள் மக்கள் கடைத்தெருக்களில் முண்டியடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார். 1996இல் திறக்கப்பெற்று, சென்னைக்கே சோறூட்டி வந்த கோயம்பேட்டுப் பேரங்காடி நோய்ப்பரவலின் நடுவிடமாகி, மே 5ஆம் நாள் மூடப்பெற்றது. காய்கறி வணிகம் திருமழிசைக்குப் பெயர்ந்தது. செப்டம்பர் 28ஆம் நாள்தான் கோயம்பேட்டில் காய்கறி அங்காடி மீண்டும் திறந்தது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிப் பின் தமிழ்நாடு முழுதும் பரவிய உழவர் சந்தைகள், பேருந்து நிலையங்களுக்கும் பள்ளித் திடல்களுக்கும் மாற்றப்பெற்றன. மறு ஆண்டு, 2021 மே 24 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்த போது, காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்து நின்றன.

இவற்றைக் குறைகூறுதல் நம் நோக்கம் அன்று. உயிர் காக்க அடைத்த கதவைப் பழிப்பவன் அறிவிலி. வாயை மூடித் துணி கட்டுக என்றனர்; கட்டினோம். ஓர் ஆளுக்கும் மற்றோர் ஆளுக்கும் இடையே வட்டம் வரைந்து நிற்க என்றனர், நின்றோம். அவையனைத்தும் வேண்டுவனவே.

ஆயின், 2023 மே 5ஆம் நாள், உலகளாவிய நெருக்கடி நிலை முடிந்தது என உலக நலவாழ்வு நிறுவனமே அறிவித்துவிட்டது. வாய்த்துணி கழன்றது, வட்டங்கள் மழையில் அழிந்தன, பள்ளிகள் திறந்தன, திருமணக் கூடங்கள் நிரம்பின, திரையரங்குகள் பொங்கி வழிந்தன. அங்காடிக்குப் போகும் கால்கள் மட்டும் பல வீடுகளில் திரும்பவில்லை! திரைப்படம் பார்க்க வெளியே செல்லும் தமிழன், தேங்காய் வாங்க வெளியே செல்ல மறுக்கின்றான். இதற்கும் நோயா பொறுப்பு?

ஒரு வீடு, மூன்று தலைமுறை

இம் மாற்றம் எல்லார்க்கும் ஒரே வகையாய் வரவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழும் மூன்று தலைமுறையினரை மூன்று வகையாய் அது தாக்கியிருக்கின்றது. அதனைப் பிரித்தறியாமல் பொதுப்பட அழுவதால் பயனில்லை.

முதற்கண் முதியோர். அறுபத்தைந்து அகவையைக் கடந்தார் வீட்டை விட்டு வெளிவருதல் கூடாது என அரசு அறிவுறுத்திய போது, நாள்தோறும் சந்தைக்குச் சென்று வந்த பாட்டி வீட்டுக்குள் அடைபட்டாள். அவளுக்கு அங்காடி வெறும் கொள்முதல் இடம் அன்று. அவளுடைய அறிவு செல்லுபடியான இடம். கத்தரியில் முள்ளுக்கத்தரி எது, வரிக்கத்தரி எது. கீரையில் அரைக்கீரை எது, சிறுகீரை எது, முளைக்கீரை எது. வாழையில் பூவன் எது, மொந்தன் எது, கற்பூரவல்லி எது, மட்டி எது எனத் தொட்டும் முகர்ந்தும் சொல்லவல்ல அறிவு அது. எந்தப் பட்டமும் பெறாத அவ் அறிவின் முன் வணிகன் பணிந்து நின்றான்.

இன்றோ, அவள் பெயரனின் தோளுக்குப் பின்னால் நின்று கெஞ்சுகின்றாள். "தம்பி, மணத்தக்காளிக்கீரை கிடைக்குமா பார்" என்கின்றாள். அவன் திறன்பேசியின் சிறு திரையில் ஆங்கில எழுத்துகளைத் தட்டுகின்றான். அவள் சொன்ன பெயர் அவனுக்குத் தெரியாது; அவன் தட்டும் பெயர் அவளுக்குத் தெரியாது. "அது இல்லை பாட்டி, வேறு ஏதோ இருக்கிறது" என்கின்றான். "இருப்பதை வாங்கு" என்று அவள் அடங்கிவிடுகின்றாள். எழுபது ஆண்டு அறிவு அந்த ஒரு நொடியில் வாயடைத்துப் போகின்றது. நோய்க்குத் தப்பிய முதியோர் பலர் இவ் வாயடைப்புக்குத் தப்பவில்லை.

அடுத்து நடுத்தலைமுறை, குடும்பப் பொறுப்பைத் தோளில் சுமக்கும் தலைமுறை. கருவியைக் கற்றுக்கொண்டதும், அதன் வழியே வீட்டுக்குப் பொருள் வரச் செய்ததும் இவர்களே. 'யு.பி.ஐ.' எனப்பெறும் கைப்பேசிப் பணம்செலுத்து முறை 2016 ஏப்பிரலில் தொடங்கப்பெற்றது. ஊரடங்கின் முதல் முழுத் திங்களாகிய 2020 ஏப்பிரலில் இந்தியா முழுமையும் அதன்வழி நடந்த கொடுக்கல் வாங்கல் 100 கோடிக்குச் சற்றே குறைவு. அதே ஆண்டு அக்டோபரில் அது 200 கோடியைக் கடந்தது. 2023 ஆகத்துத் திங்களில் 1,000 கோடியைக் கடந்தது. மூன்றரை ஆண்டுகளுக்குள் பத்து மடங்கு! பூக்காரியின் கூடையிலும் இளநீர் வண்டியிலும் இன்று சதுரக் குறியீட்டு அட்டை தொங்குகின்றது. இதனை நான் இழிவு எனச் சொல்லவில்லை. காசுக்குச் சில்லறை இல்லாத தொல்லை ஒழிந்தது நன்றே.

ஆனால், ஒன்று கருதுக. முன்பு "எவ்வளவு?" என்று கேட்டு, "நாற்பது" என்று அவள் சொல்ல, "முப்பத்தைந்துக்குக் கொடு" என்று பேசி, இறுதியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பெற்று வந்தோம். இன்று அட்டையைக் காட்டுகின்றாள், கருவியை நீட்டுகின்றோம், பணம் வந்ததென ஒரு பெட்டி கத்துகின்றது. அப் பெட்டியைத் தமிழில் பேசச் செய்யவும் இயலும். ஆயினும், எத்தனைத் தமிழ்க் கடைகளில் அஃது ஆங்கிலத்திலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருக்கின்றது! தமிழ் வணிகனும் தமிழ்க் கொள்வோனும் வாய்மூடி நிற்க, இடையில் ஓர் அயன்மொழிப் பெட்டி பேசுகின்றது.

மூன்றாவது இளையோர். 2020இல் ஐந்து அகவையில் இருந்த குழந்தைக்கு இன்று பத்து அகவைக்கு மேல். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குச் செல்ல வேண்டிய ஆண்டுகளில், அது வீட்டுக்குள் அடைபட்டிருந்தது. அடைப்பு நீங்கிய பின், சந்தைக்குச் செல்லும் தாயே இல்லை. பண்டம் என்பது மண்ணில் விளைந்து, வண்டியில் வந்து, ஒரு மாந்தரின் கையால் நிறுக்கப்படுவது என்னும் உணர்வே இல்லாமல், கதவு மணி அடித்தால் பையில் வருவது எனக் கருதும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் அளவைப் பெயர்களைப் பற்றிப் பாடம் சொல்லும் போது, "வாழைப்பழத்தை எப்படி எண்ணுவோம்? சீப்பு என்றால் என்ன?" என்று வினவினேன். "தலைவாருவது ஐயா" என்றான் ஒருவன். "கூறு என்றால்?" "சொல்லு என்பது ஐயா" என்றான் மற்றொருவன். "கட்டு?" "பள்ளிக்குப் பணம் கட்டுவது." "கவுளி?" "பல்லி." நான்கு விடையும் இலக்கணப்படி பிழையற்றவை! ஆயின், வாழைப்பழச் சீப்பும், மீன்கூறும், கீரைக்கட்டும், வெற்றிலைக் கவுளியும் அப் பிள்ளைகளின் உலகத்தில் இல்லை. அவர்கள் அறிவில் குறைந்தவர் அல்லர்; அங்காடியைப் பார்த்திராதவர்கள்.

மொழிஞாயிறு பாவாணர், 'தமிழ்ச்சொல் வளம்' என்னும் கட்டுரையில், பயிரின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் எத்துணைத் தனிச்சொற்கள் உள்ளன என வகைப்படுத்திக் காட்டினார். அக் கட்டுரை பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்பொத்தகத்திலும் இடம்பெற்றது. நம் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால், பிஞ்சுக்கும் காய்க்கும் வேறுபாடு காட்டும் கூடையை அவர்கள் கண்டதில்லை. பாவாணர் அச் சொற்களை மக்கள் வழக்கிலிருந்து எடுத்து ஏட்டில் வைத்தார். நாமோ அவற்றை ஏட்டில் மட்டும் வைத்துவிட்டு, மக்கள் வழக்கிலிருந்து எடுத்துக் கொண்டிருக்கின்றோம்.

பருப்புப் பொதியில் ஒளிந்து வரும் இந்தி

இனி, அங்காடியின் இடத்தில் வந்து அமர்ந்தது எது எனப் பார்ப்போம்.

துவரையும் உளுந்தும் பாசிப்பயறும் கடலையும் தமிழன் வீட்டில் என்றும் உள்ளவை. வீட்டுக்கு வரும் பொதியை எடுத்துப் பாருங்கள். துவரைக்குத் 'தூர்', உளுந்துக்கு 'உரத்து', பாசிப்பருப்புக்கு 'மூங்கு', கடலைப்பருப்புக்குச் 'சனா', வெந்தயத்துக்கு 'மேத்தி', கடலைமாவுக்குப் 'பேசன்', கம்புக்குப் 'பாச்ரா'. எழுத்து ஆங்கிலம், சொல் இந்தி! இரண்டு அயன்மொழிகள் கைகோத்து ஒரு பொதியில் ஏறி நம் அடுக்களைக்குள் வருகின்றன. வாழைப்பழம் வாங்கினால் 'ரொபசுட்டா' என்கின்றது திரை. ஏலக்கி வாழை 'எலக்கி' ஆகின்றது. கடற்கரையூரான் வாவல் என்றும், சாளை என்றும், நெத்திலி என்றும், காரப்பொடி என்றும் பெயரிட்டு அறிந்த மீன்கள் ஆங்கிலப் பெயரில் பனிக்கட்டிக்குள் உறைந்து வருகின்றன.

1938இல் இந்தி பள்ளி வாயிலில் வந்து நின்றது; விரட்டினோம். 1965இல் ஆட்சிமொழியாக வந்து நின்றது, உயிர்கொடுத்துத் தடுத்தோம். இன்று அது பருப்புப் பொதிக்குள் ஒளிந்து வருகின்றது. பணம் கொடுத்து வாங்கி, உலையில் இட்டு உண்கின்றோம்! பள்ளியில் இந்தி வேண்டா என முழங்கும் வீட்டிலேயே, மகள் அம்மாவிடம் 'மூங்கு தால் தீர்ந்துவிட்டது' என்கின்றாள். இதைவிடப் பெரிய வெற்றியை இந்திக்கு எந்த அரசாணை பெற்றுத் தரும்?

இது தற்செயல் என்று எண்ணற்க. இதற்குச் சட்டமே துணைநிற்கின்றது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியிட்ட பண்டங்கள்) விதிகள், பொதியின் மேல் இருக்க வேண்டிய கட்டாயச் செய்திகள் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லையாம்! உணவுப் பொதிகளுக்கான 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் இதே போக்கின. அஃதாவது, இந்தி இருந்தால் போதும். ஆங்கிலம் இருந்தால் போதும். தமிழ் மட்டும் இருந்தால் குற்றம்! தமிழ்நாட்டில் விளைந்து, தமிழ்நாட்டில் அரைத்து, தமிழ்நாட்டில் விற்று, தமிழன் உண்ணும் மிளகாய்த் தூளின் மேல் தமிழ் 'கூடுதல்' மொழி!

முன்பு இவ் விதியின் கொடுமை நமக்கு முழுமையாய் உறைக்கவில்லை. ஏனெனில், பொதியில் என்ன எழுதியிருந்தாலும், கடைக்காரர் வாய்திறந்து "இது துவரம்பருப்பு, இது புது வரவு, விலை இவ்வளவு" என்றார். எழுத்தில் இல்லாத தமிழை அவர் நா ஈடுசெய்தது. இன்று நா போயிற்று. எழுத்து மட்டும் எஞ்சியது. அவ் எழுத்தில் தமிழ் இல்லை. பெருந்தொற்றுக் காலத்து மாற்றம் நமக்கு இழைத்த இழப்பின் ஆழம் இதுவே.

தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் விதிகளின்படி, பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும். பிறமொழி இருப்பினும் முதலிடம் தமிழுக்கே. அவ் விதியைக் காக்கத் தமிழன்பர் எத்தனையோ முறை தெருவில் நின்று போராடியிருக்கின்றனர். ஆனால், இன்றைய கடைக்குப் பலகையே இல்லையே! அது தெருவில் இல்லை. உன் சட்டைப்பையில் இருக்கின்றது. தெருவில் உள்ள பலகைக்கு மை பூசி என்ன பயன், உன் பையில் உள்ள கடை உன்னை ஆங்கிலத்தில் அழைக்கும் போது?

"சிறிதேனும் இந்தி தெரிந்திருக்க வேண்டும்"

திரைக்கடையோடு பிணக்கு வந்தால் தமிழனின் நிலை என்ன என்பதை 2021 அக்டோபரில் உலகம் கண்டது. உணவு கொண்டுவந்து தரும் சொமாட்டோ நிறுவனத்திடம் தாம் கேட்ட உணவில் ஒன்று வரவில்லை எனத் தமிழர் ஒருவர் முறையிட்டார். மொழிச்சிக்கலால் உணவகத்தார் கூறுவது விளங்கவில்லை என மறுமொழி வந்தது. தமிழ்நாட்டில் வணிகம் செய்வோர் தமிழறிந்தவரை அமர்த்த வேண்டும் என அவர் சொன்ன போது, இந்தி நாட்டுமொழி என்றும், எல்லாரும் சிறிதேனும் அதனை அறிந்திருக்க வேண்டும் என்றும் அந்நிறுவனப் பணியாளர் அறிவுரை கூறினார். இந்திய அரசமைப்பின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றுதான் கூறுகின்றது. நாட்டுமொழி என எந்த மொழியையும் அது கூறவில்லை. இதனை அறியாத ஒருவர், சோறு கேட்ட தமிழருக்குச் சட்டம் கற்பிக்க முற்பட்டார்!

தமிழ்நாடு கொதித்தது. நிறுவனம் தமிழிலேயே வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது. தமிழில் செயலி ஆயத்தமாகி வருவதாகவும், கோவையில் தமிழ்ப் பணிமையம் அமைப்பதாகவும் உரைத்தது. இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது யாது? வணிகனுக்கு மொழிப்பற்று இல்லை, மொழிவெறுப்பும் இல்லை. அவனுக்கு உள்ளது ஒன்றே: கொள்வோர் கை விலகிவிடுமோ என்னும் அச்சம். நாம் வாய்திறந்தால் அவன் தமிழ் பேசுவான். வாய்மூடினால் நம்மை இந்தி பேசச் சொல்வான்.

கருவியின் குற்றம் அன்று

"அப்படியாயின், திறன்பேசியைத் தூக்கி எறிய வேண்டுமா? எண்பது அகவைக் கிழவியை மீண்டும் வெயிலில் சந்தைக்கு நடக்கச் சொல்கின்றீரா?" எனச் சிலர் வினவுவர். அல்லவே அல்ல. கருவியைப் பழிப்பது கையாலாகாதவன் வேலை.

ஊரடங்கின் முதல் திங்கள்களில் நம் தெரு மளிகைக் கடைக்காரர் செய்ததை எண்ணிப் பாருங்கள். தம் கைப்பேசி எண்ணைக் கடைக் கதவில் ஒட்டினார். வேண்டிய பொருள்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, அதனைப் படம்பிடித்துப் புலனத்தில் (வாட்சாப்பில்) அனுப்பினோம். எழுதத் தெரியாத ஆயா, வேண்டுவனவற்றைக் குரலாகப் பதிந்து அனுப்பினார். கடைக்காரர் அனைத்தையும் கட்டி, பையனிடம் மிதிவண்டியில் கொடுத்தனுப்பினார். அங்கும் திறன்பேசி இருந்தது, இணையம் இருந்தது, வீட்டுக்கே பொருளும் வந்தது. ஆயின், தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் தமிழில் நடந்தது! "அரைப்படி உளுந்து" என ஆயா சொன்னதை எந்த அகராதியும் இன்றி அவர் விளங்கிக் கொண்டார். கையில் காசில்லாத வீட்டுக்குக் கடனாகவும் கொடுத்தார்.

ஆகவே, குற்றம் கருவியில் இல்லை. கருவியின் மறுமுனையில் யார் இருக்கின்றார் என்பதே வினா. மறுமுனையில் நம் தெருக் கடைக்காரர் இருந்த வரை, அதே கருவி தமிழைச் சுமந்தது. ஊரடங்கு தளர்ந்ததும், இடர்க்காலத்தில் கடன் கொடுத்துக் காத்த அவரை விட்டுவிட்டு, சிறு தள்ளுபடிக்காகவும் பத்து மணித்துளி விரைவுக்காகவும் பெருநிறுவனத்தின் வாயிலில் போய் நின்றோமே, அங்குதான் தமிழைக் கைவிட்டோம், நன்றியையும் கைவிட்டோம்.

பெருநிறுவனங்களும் தமிழைக் கொண்டுவரவில்லையா என்பர். கொண்டுவந்தன. 2020 சூனில் பிளிப்கார்ட்டும், செப்டம்பரில் அமேசானும் தம் செயலிகளில் தமிழைச் சேர்த்தன. ஊரடங்கால் சிற்றூர்களின் பணமும் திரைக்கு வரத் தொடங்கிய காலம் அது. தமிழ்ப் பணம் வந்ததும் தமிழும் வந்தது. வேறு கரணியம் இல்லை. அவ்வாறு வந்த தமிழையேனும் நாம் ஏற்றோமா? தமிழ்த் தெரிவு என ஒன்று உண்டு என்பதையே அறியாமல், ஆங்கிலத்திலேயே தட்டிக்கொண்டிருக்கும் தமிழாசிரியர் வீடுகளும் உண்டு. கொடுக்கப்பெற்ற தமிழையும் தொடாதவன், கொடுக்கப்பெறாத தமிழுக்காக எப்படிப் போராடுவான்?

செய்ய வேண்டுவன

கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலத்தைப் பாருங்கள். அங்குள்ள மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. சுற்றிலும் ஆங்கிலக் கடல். ஆயினும், 1977ஆம் ஆண்டிலேயே பிரஞ்சு மொழிப் பட்டயத்தைச் சட்டமாக்கி, அங்கு விற்கும் பண்டங்களின் மேலுள்ள எழுத்து பிரஞ்சில் இருந்தே ஆகவேண்டும் என்றும், பிறமொழி அதனை விஞ்சுதல் கூடாது என்றும் விதித்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படியே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 இலக்கம். ஒரு கோடிக்குக் குறைந்தோர் பெற்ற உரிமையை ஏழு கோடிக்கு மேற்பட்டோர் கேட்கவும் கூசுகின்றோம்!

எனவே, மூன்று நிலைகளில் நம் பணி நடைபெறல் வேண்டும்.

முதலாவது, சட்டத்தில். பொதியிட்ட பண்டங்களுக்கான நடுவண் விதியில், 'இந்தி அல்லது ஆங்கிலம்' என்பதோடு, பண்டம் விற்கப்பெறும் மாநிலத்தின் ஆட்சிமொழியும் கட்டாயம் எனத் திருத்தம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் செல்வோர் 39 பேர். வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ் வினாவை நேரே கேளுங்கள். மாநில அரசு தன் கூட்டுறவுக் கடைகளிலும் பங்கீட்டுக் கடைகளிலும் தமிழ்ச்சிட்டை இல்லாத பொதியைக் கொள்முதல் செய்வதில்லை என முடிவெடுக்கட்டும். 2021இல் பங்கீட்டுக் கடைகளின் வழியே 14 மளிகைப் பொருள்களை அட்டைதாரர்க்கு வழங்கிய அரசுக்கு, அப் பொருள்களின் தமிழ்ப்பெயரைச் சேர்ப்பது அரிய செயல் அன்று. திரைக்கடைக்கும் பெயர்ப்பலகை விதி பொருந்துமாறு புதுவிதி காணப்பெறல் வேண்டும்.

இரண்டாவது, கடையில். நம் தெருக் கடைக்காரரிடமே கொள்முதல் செய்க. அவர் ஒலிப்பெட்டியைத் தமிழில் பேசச் செய்ய உதவுக. அவர் விலைச்சிட்டையைத் தமிழில் எழுதித் தருக. திரைக்கடையில் வாங்கியே ஆகவேண்டிய நிலையில், தமிழ்த் தெரிவில் வாங்குக. பிழையான தமிழைக் கண்டால் எழுதித் திருத்தச் சொல்லுக. பிணக்கு வந்தால் தமிழில் மட்டுமே முறையிடுக.

மூன்றாவது, வீட்டில். இதுவே தலையாயது. மளிகைப் பட்டியலைப் பிள்ளையின் கையால் தமிழில் எழுதச் செய்க. பாட்டி சொல்லட்டும், பெயரன் எழுதட்டும். தூரைத் துவரை என்று அவன் திருத்தட்டும். மூங்கைப் பாசிப்பயறு என்று திருத்தட்டும். கிழமைக்கு ஒருநாள் அவனை உழவர் சந்தைக்கு அழைத்துச் செல்க. சீப்பையும் கூறையும் கட்டையும் கவுளியையும் அவன் கண்ணால் காணட்டும், கையால் தொடட்டும், வாயால் கேட்டு வாங்கட்டும். பேரம் பேசும் பிள்ளை மொழியின் நெளிவையும் சுளிவையும் கற்கும். எந்த வகுப்பறையும் அதனை அத்துணை விரைவில் கற்பிக்க இயலாது.

தனித்தமிழ் அன்பர்களுக்கு ஒரு சொல். மறைமலையடிகளார் 1916இல் இவ் வியக்கத்தைத் தொடங்கியது, அயற்சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல்லைப் பொறுக்கி எடுத்து ஏட்டில் அடுக்குவதற்காக மட்டும் அன்று. அச் சொல் தமிழன் நாவில் புழங்குவதற்காக. செயலி, புலனம், திறன்பேசி எனப் புதுச்சொல் படைத்து மகிழும் நாம், அச் செயலிக்குள்ளே துவரையும் உளுந்தும் செத்துக்கொண்டிருப்பதைக் காணாதிருத்தல் தகுமோ? புதுச்சொல்லைப் படைக்கப் புலவர் போதும். பழஞ்சொல்லைக் காக்கக் கீரைக்காரியும் மீன்காரியும் தள்ளுவண்டிக்காரரும் மளிகைக் கடைக்காரரும் வேண்டும். அவர்கள் வணிகம் நொடிந்தால், அவர்களோடு நடக்கும் சொற்களும் நொடியும். அவர்களிடம் பத்து உருவா கூடுதலாகக் கொடுத்து வாங்கினும், அஃது இழப்பன்று. தமிழுக்கு நாம் இறுக்கும் வரி.

பெருந்தொற்று நம் உறவினரைப் பறித்தது; அதனைத் தடுக்க நம்மால் இயன்றதைச் செய்தோம். நம் மொழியை அது பறிக்கவில்லை. நாமே எடுத்துக் கொடுத்துக் கொண்டிருக்கின்றோம். கொடுத்த கையை மடக்கினால் போதும். மருத்துவமனை வேண்டா, ஊசி வேண்டா, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள், தமிழர்களே! வாய்திறந்து, பெயர் சொல்லி, தமிழில் கேட்டு வாங்குங்கள்!